ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர்

உள்ளே வாருங்கள் அம்மா. நீங்கள் வாங்க வந்த கிரைண்டர் சமையலறையில்தான் இருக்கிறது, எங்கேயும் ஓடிப் போகாது. முதலில் உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். மின்விசிறி போடட்டுமா? போட்டுத்தான் இருக்கிறதா, சரி.

ஒரு நிமிஷம். சமையலறை ஜன்னல் வரை போய்விட்டு வந்துவிடுகிறேன்.

இல்லை. அப்படியேதான் இருக்கிறது.

என்னவென்றா கேட்கிறீர்கள்? என் கார். நீங்கள் வரும்போது கீழே பார்த்திருப்பீர்களே, கரும்பச்சைப் பத்மினி, மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூசிக்கொண்டு நிற்கிறதே, அதுதான். யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள் என்று நினைத்தீர்களோ என்னவோ. அது வேக்ஸ். காலையில் என் கையால் போட்டேன். இந்நேரத்துக்குத் துணியால் ஒரு துடை துடைத்தால் முகம் தெரிய வேண்டும். தெரியவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது.

நாளைக் காலையில் அந்தக் காரில்தான் பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்திலிருந்து கிளம்ப வேண்டும். என் மனைவியின் தங்கை மகள், எழிலி என்று பெயர். அது பள்ளிக்கூடம் போகிற வயசிலிருந்தே, "உன் கல்யாணத்துக்கு நம்ம கார்தான்டி, வேற எதுலயும் ஏறக் கூடாது" என்று என் மனைவி சொல்லிச் சொல்லி வைத்திருந்தாள். சொன்னவள் போய்விட்டாள். வருஷத் திதியும் முடிந்துவிட்டது. போன வாரம் எழிலி போன் செய்தது. "பெரியப்பா, வாடகைக்குப் புதுக் கார் எடுக்கலாம்னு அப்பா சொல்றாங்க. எனக்கு வேணாம். பெரியம்மா கார்தான் வேணும்" என்றது. அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? பளபளவென்று கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இதோ, கிரைண்டரைக் காட்டுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் மாவு வியாபாரம் செய்கிறவர், உங்களுக்குப் பக்குவம் என்றால் என்னவென்று தெரியும். அதனால் சொல்கிறேன்.

வேக்ஸ் போடுவதில் இரண்டு கட்சி உண்டு. கைக் கட்சி, மெஷின் கட்சி. மெஷின் என்பது கையில் பிடித்துக்கொள்கிற மாதிரி இருக்கும், முன்னால் பஞ்சுத் தட்டு ஒன்று சுற்றும். கரண்டில் ஓடுவது. அதை வைத்துத் தேய்த்தால் அரை மணியில் வேலை முடிந்துவிடும் என்பார்கள். முடியும், யார் இல்லை என்றது? ஆனால் பெயிண்டுக்குச் சூடு ஏறும். மெழுகுக்கு வேண்டியது மெஷின் சூடு இல்லை, கைச் சூடு. உள்ளங்கையில் எடுத்து, பனியன் துணியில் வைத்து, வட்டம் வட்டமாகக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். இங்கேதான் எல்லோரும் தப்புச் செய்வார்கள். உடனே துடைத்துவிடுவார்கள். ஊற வேண்டும் அம்மா! அரிசி ஊறாமல் அரைப்பீர்களா? அதே மாதிரிதான். காலையில் பூசினால் சாயங்காலம் வரை ஊற வேண்டும். அதற்குப் பிறகு ஒரே துடை. கண்ணாடி.

இது எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சர்க்கரை ஆலையில் எடைமேடையில் இருந்தேன், கரும்பு லாரிதான் எனக்குத் தெரியும். காரும் வேக்ஸும் நானாகப் பழகிக்கொண்டது. டப்பாவில் சில நிமிஷத்தில் துடைத்துவிடு என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன, சீக்கிரம் தீர்ந்தால் இன்னொரு டப்பா விற்கும்.

சிரிக்கிறீர்கள். அந்தக் காலத்தில் நீங்கள் இந்தக் காரைப் பார்த்திருந்தால் சிரிக்க மாட்டீர்கள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று ஆரம்பித்தேன். அப்புறம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேன், இந்த வலது தோள் போயிற்று. இதோ, இதற்கு மேல் தூக்க வராது. ஆலையிலும் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? எல்லா ஞாயிற்றுக்கிழமையும் என்று ஆகிவிட்டது. தோள் போனாலும் ஒன்றும் குறையவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். அதற்குப் பிறகுதான் பளபளப்பு இன்னும் கூடியது! பலம் தேவையில்லை, பக்குவம்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அமிர்தம்தான் முதலில் பயந்தாள். அமிர்தவல்லி, என் மனைவி. "ஏங்க, இந்தக் கையை வச்சுக்கிட்டு ஏன் இப்படி? கீழ பாய்கிட்ட சொன்னா மெஷின்ல போட்டுக் குடுத்துடுவார்" என்றாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேறு ஒன்று சொன்னாள். "காரை நம்ம சமையல்கட்டு ஜன்னலுக்குக் கீழ நிறுத்துங்க, என் கண்ணு முன்னாடி இருக்கும்" என்றாள். அவளுக்கும் காரின் மேல் அவ்வளவு ஆசை.

பாய் யாரென்று சொல்லவில்லையே. பின் பிளாக்கில் கீழ் வீட்டில் இருப்பவர், இதயத்துல்லா. பாலக்கரையில் கார் பாலிஷ் கடை வைத்திருக்கிறார். மெஷின் கட்சி. நான் அந்தக் கடைப் படியைக்கூட மிதித்ததில்லை. மெஷின் ஓடிப் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஆனாலும் மனுஷன் ஒரு விஷயத்தில் நேர்மை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து, "மாசிலாமணி சார் கைக்கு முன்னாடி நம்ம மெஷினெல்லாம் எம்மாத்திரம்" என்று ஒப்புக்கொண்டார். கைதட்டினார்கள். அமிர்தத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சந்தோஷம்.

ஒரு நிமிஷம்.

இல்லை. காற்றில் கொஞ்சம் தூசிதான் கூடியிருக்கிறது. பாய் அவர் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கமே பார்க்கிறார். அவரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாருங்கள், கிரைண்டரைப் பாருங்கள். இதுதான். பெங்களூரில் இருக்கிற மகள் வாங்கிக் கொடுத்தது. அவள்தான் இப்போது, "சும்மா ஏன்ப்பா கிடக்கணும், யாருக்காவது பிரயோஜனப்படட்டும்" என்றாள். கல்லைத் தடவிப் பாருங்கள். கொத்தின சொரசொரப்பு அப்படியே இருக்கிறது பார்த்தீர்களா? வாரா வாரம் ஓடிய கிரைண்டர் அம்மா! ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் இது ஓடாமல் இருந்ததில்லை. அப்படி ஓடியும் கல் தேயவில்லை. அவள் பொருளை வைத்துக்கொள்கிற விதம் அப்படி.

என்ன?

உங்களிடமா?

இல்லை இல்லை, நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள். அமிர்தம் வெளியில் மாவு வாங்குகிறவள் இல்லை. தெருமுனையில் விற்கிற மாவில் என்னென்ன கலக்கிறார்களோ என்பாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னாள். மூக்குத்தி போட்டு, உயரமாக, இடது கன்னத்தில் மச்சம்... ஆமாம், மச்சம் உண்டு. மச்சம் நிறையப் பேருக்கு இருக்கும்.

புதன்கிழமையா? நான் வாசகசாலைக்குப் போகிற நேரமா?

சரி, என்றைக்காவது அவசரத்துக்கு வாங்கியிருப்பாள். அதை விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எப்படியென்றால், காலையில் நான் வேக்ஸ் போட்டு முடித்துவிட்டு மேலே வருவேன். குளிப்பேன், சாப்பிடுவேன். அவள் படுக்கையறையில் பாய் விரித்து, ஜன்னலைச் சாத்தி, "படுங்க. நான் மாவு அரைக்கப் போறேன், சத்தம் கேக்கும்" என்று சொல்லிக் கதவையும் சாத்திவிட்டுப் போவாள். கொஞ்ச நேரத்தில் ஆரம்பிக்கும். 'ஙொய்ய்ய்' என்று ஏறும், 'ம்ம்ம்' என்று இறங்கும். மறுபடியும் ஏறும். அந்தச் சத்தத்தில் எனக்கு அப்படி ஒரு தூக்கம் வரும் அம்மா. தோள் வலிகூடத் தெரியாது. எழுந்து வரும்போது சமையலறை துடைத்து விட்ட மாதிரி இருக்கும், ஒரு துளி மாவு கீழே கிடக்காது. நான் காப்பி குடித்துவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு கீழே போவேன். ஒரே துடை. கண்ணாடி மாதிரி எழும். அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பாயும் சொல்லி வைத்த மாதிரி அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் வந்துவிடுவார். வேர்த்துக் கொட்டிக்கொண்டு வருவார், கடைக்கு லீவு நாளில் என்ன வேலையோ. "சார், சொக்க வைக்கிறீங்க சார்" என்பார்.

ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால் திங்கட்கிழமையைத்தான் சொல்வேன். அவ்வளவு நேரம் அரைத்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் தட்டில் ரவா உப்புமா வைப்பாள்! "மாவு எங்கடி?" என்று கேட்டால், "புளிக்கலைங்க" என்பாள். செவ்வாயும் புளிக்காது. புதன் ராத்திரிதான் தோசை. இந்த வெயிலில், இந்தத் திருச்சியில், புதன் வரை புளிக்காத மாவு எங்கேயாவது உண்டா? நீங்கள்தான் சொல்லுங்கள். நான் அவள் கை அப்படி என்று நினைத்துக்கொண்டேன். சிலர் கைக்கு மாவு சீக்கிரம் பொங்கும், சிலர் கைக்குப் பொங்காது என்பார்களே.

என்ன அம்மா, கல்லையே மறுபடியும் தடவிப் பார்க்கிறீர்கள்?

சரி, இந்த ஒயரையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். கிரைண்டருக்கு என்று அவள் தனியாக வாங்கி வைத்தது. பிளக் இதோ கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருக்கிறது, எதற்கு இவ்வளவு நீளம் என்று நானே கேட்டிருக்கிறேன். "இருக்கட்டும்ங்க, ஆபத்துக்கு ஆகும்" என்றாள். பிரித்தால் கீழே தரை வரை போகும் போலிருக்கிறது. நல்ல கனமான ஒயர். ஜன்னல் பக்கம் பார்த்து நில்லுங்கள், அங்கே கொசுவலை கொஞ்சம் கிழிந்திருக்கிறது. அதுவும் அவள் வேலைதான், ஓரத்தில் வெட்டி வைத்திருந்தாள். காற்று வருவதற்காம். இவ்வளவு பெரிய ஜன்னலில் கை நுழைகிற ஓட்டை வழியாகத்தான் காற்று வரப்போகிறதா? அவள் போன பிறகு நான் நூலால் தைத்துவிட்டேன்.

அவள் போன பிறகு எல்லாமே மாறிவிட்டது. முக்கியமாக இந்த வேக்ஸ். அதே டப்பா, அதே நிறம், அதே வாசனை. ஆனால் உள்ளே சரக்கை மாற்றிவிட்டார்கள், எனக்கு நிச்சயமாகத் தெரியும். காலையில் போட்டு, சாயங்காலம் துடைத்தால், கல்லாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. முதல் வாரம் நம் கை நடுக்கம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே. ஈரோட்டுக்குச் சொல்லி அனுப்பி வாங்கினேன், மதுரையில் பழைய சரக்கு இருக்கிறது என்றார்கள், பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். எல்லாம் அதே கதை. கடைக்காரனோடு சண்டை. "சார், இத்தனை நேரம் ஊற வச்சா எந்த வேக்ஸும் இப்படித்தான் சார் ஆகும்" என்கிறான். இவனுக்கு வயசு என்ன, என் அனுபவம் என்ன!

தூக்கமும் போய்விட்டது. ஞாயிறு மதியம் படுத்தால் வீடு ஒரேயடியாக அமைதியாக இருக்கிறது. எழுந்து வந்து இந்த ஜன்னலில் நின்றுவிடுவேன். சாயங்காலம் வரை நின்றுகொண்டு காரையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஊறுகிறதா, இல்லையா என்று.

இதில் பாய் வேறு. அவள் காரியத்துக்கெல்லாம் கூடவே நின்றவர், இல்லை என்று சொல்லவில்லை. சொந்த அக்கா போன மாதிரி அழுதார். ஆனால் அதற்குப் பிறகு ஆளே ஒரு மாதிரி ஆகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நிற்பார். "சார், சாப்டீங்களா? படுக்கலையா?" என்பார். "தூக்கம் வரல பாய்" என்றால் முகம் வாடிப் போய்விடுவார். ஜன்னலில் நான் நிற்பதைப் பார்த்தால், போகிற வழியை மாற்றிக்கொண்டு திரும்பிவிடுவார்.

இன்று காலை நான் வேக்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறேன், நேரே வந்துவிட்டார். நாளைக்குக் கல்யாணம் என்று அவருக்கும் தெரியும், எழிலியைக் குழந்தையிலிருந்து பார்த்தவர்.

"சார், ஒண்ணு கேப்பேன், கோச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"இன்னிக்கு மதியம் கொஞ்சம் தூங்குறீங்களா?"

எனக்கு வந்ததே கோபம். "நான் தூங்கினா என்ன, தூங்காட்டி என்ன? என் வீட்டுத் தூக்கத்துக்கும் சங்கத்துல கையெழுத்து வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் தண்ணீர் மோட்டார் போட வந்தவன் சிரித்துவிட்டான். பாய் காரைப் பார்த்தார். "அக்கா வாக்குக் குடுத்த காரு சார் இது" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். எனக்குத் தெரியாதா அது? அவள் வாக்கு என்றால் என் வாக்கு. இவர் எதற்கு நடுவில்?

சரி, போட்டுப் பாருங்கள். ஸ்விட்ச் அந்தப் பக்கம். கொஞ்சம் தண்ணீர் விடட்டுமா? விடுங்கள். உங்களுக்குத் தெரியாததா.

என்ன இது?

நிறுத்துங்கள். நிறுத்துங்கள் அம்மா. மறுபடியும் போடுங்கள்.

இது அந்தச் சத்தம் இல்லையே. 'குடுகுடு'வென்று உருளுகிறது. இது எங்கள் கிரைண்டர் சத்தம் இல்லை. இது ஏறவே இல்லையே, இறங்கவும் இல்லை, ஒரே மாதிரி உருளுகிறது. சும்மா கிடந்து உள்ளே ஏதோ கெட்டுவிட்டது. நல்ல வேளை, வாங்குவதற்கு முன்னால் தெரிந்தது, உங்களை ஏமாற்றின பாவம் எனக்கு வேண்டாம். மோட்டாரில்தான் கோளாறு.

எல்லாக் கிரைண்டரும் இப்படித்தான் ஓடுமா? உங்கள் கடையில் இருப்பதுமா? அது எப்படி அம்மா? எத்தனை வருஷம் இந்தக் காதால் கேட்டிருக்கிறேன்! கதவு சாத்தியிருந்தால் மட்டும் 'குடுகுடு' என்பது 'ஙொய்' என்று ஆகிவிடுமா?

இருங்கள். பேசாதீர்கள்.

கேட்டதா? அதோ! அதுதான். அதேதான் அம்மா, ஏறுகிறது பாருங்கள், இதோ இறங்குகிறது. நான் பொய் சொல்லவில்லை. பின் பிளாக்கில் யாரோ மாவு அரைக்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் கிரைண்டர் சத்தம்.

ஜன்னலில் என்ன பார்க்கிறீர்கள்? நகருங்கள், நானும் பார்க்கிறேன்.

பாய்தான். முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் என்ன அது?

நிறுத்திவிட்டார். மேலே பார்க்கிறார்.

மறுபடி போடுகிறார். சும்மா, பஞ்சுத் தட்டைக் காற்றில் சுற்ற விட்டுப் பார்க்கிறார். ஏறுகிறது. இறங்குகிறது.

நிறுத்திவிட்டார்.

அம்மா, நீங்கள் அந்த நாற்காலியை இப்படிப் போடுங்கள். இல்லை, எனக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் வேண்டாம். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்துவிட்டேன், அதுதான்.

புதன்கிழமை என்றுதானே சொன்னீர்கள்? எத்தனை பாக்கெட் வாங்குவாள்? ம். அதில் தோசை நன்றாகத்தான் இருந்தது. உங்கள் மாவு நல்ல மாவு அம்மா.

என்னைப் பற்றி ஏதாவது சொல்லுவாளா? கார் பற்றி?

சரி, சொல்ல வேண்டாம். சிரிப்பாள் என்று தெரியும். முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாளா?

அந்தக் கத்தரிக்கோலை எடுங்கள். அந்த டப்பாவில் இருக்கிறது பாருங்கள். நான் தைத்த தையலைப் பிரிக்க வேண்டும். கெட்டியாகத் தைத்துத் தொலைத்திருக்கிறேன். இந்தத் தோள் அந்த உயரத்துக்கு வராது, நீங்களே வெட்டிவிடுங்கள். ஓரத்தில் மட்டும், கை நுழைகிற அளவுக்கு. ஆமாம், அவள் வெட்டியிருந்த இடத்திலேயே.

கிரைண்டரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை. புதுக் கிரைண்டர், தைரியமாக ஓட்டுங்கள். விலையெல்லாம் மகளிடம் போனில் பேசிக்கொள்ளுங்கள். ஆளை அனுப்பி நாளை மறுநாள் எடுத்துக்கொண்டால் போதும், நாளைக்கு நான் கல்யாணத்துக்குப் போய்விடுவேன்.

ஒயர் மட்டும் தர மாட்டேன். சொன்னேன்தான். தர மாட்டேன். வேறு ஒயர் வாங்கிக் கொடுக்கிறேன்.

இந்தப் பக்கத்தைப் பிளக்கில் சொருகுங்கள். மறு பக்கத்தை ஓட்டை வழியாக மெதுவாக விடுங்கள், பானெட்டில் தட்டிவிடப் போகிறது. விடுங்கள், விடுங்கள். போதும். எட்டிவிட்டதா? எட்டும். அளந்துதானே வாங்கியிருக்கிறாள்.

இந்த ஸ்விட்சை நான் போட்டுவிடுகிறேன்.

நீங்கள் கிளம்புங்கள் அம்மா. போகிற வழியில் எனக்கு ஓர் உதவி. கீழே பாய் உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நான் ஜன்னலில் நின்றது, நாம் பேசியது, அதெல்லாம் வேண்டாம்.

"சார் தூங்கிட்டார்"னு சொல்லுங்கள். போதும்.

கதவை நீங்களே சாத்திக்கொண்டு போங்கள். நான் போய்ப் படுக்கிறேன்.